பேசாதவர்களைக் கூப்பிடும் மித்ரா

ஆன்லைன் வகுப்பில் பிள்ளைகளைச் சேர்ந்து படிக்க வைக்கிற வேலை என்பது, முன்பின் தெரியாதவர்களைக் கல்யாணப் பந்தியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, எல்லோரும் சிரித்துப் பேசுங்கள் என்று கெஞ்சுவது. அந்தக் கெஞ்சலையும் நீங்கள் செய்யக்கூடாது, ஒரு இயந்திரத்தை விட்டுச் செய்ய வேண்டும் என்றால் எப்படி இருக்கும்? நான் மூன்று வருஷம் அதைத்தான் செய்தேன். உங்களில் யாராவது கணினித் திரையில் "யாராவது இருக்கீங்களா?" என்று எழுதிவிட்டுப் பதில் வராமல் நகம் கடித்திருந்தால், வாருங்கள், நாம் சொந்தக்காரர்கள்.

2014-ஆம் வருஷம். நாகர்கோவிலுக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரி. தினமும் வகுப்புக்கு வர முடியாத பிள்ளைகளுக்காகச் சாயங்கால ஆன்லைன் வகுப்பு ஒன்றைத் தொடங்கினார்கள். பகலில் ஜவுளிக்கடையில் நிற்கிறவன், ரப்பர் வெட்டுகிறவன், கடலுக்குப் போகிறவன், நோயாளி அம்மாவை விட்டு நகர முடியாதவள் என்று பலதரப்பட்ட கூட்டம். மூன்று பேரை ஒரு குழுவாகப் பிரித்து, ஒரு கேள்வியைக் கொடுத்து, உங்களுக்குள் எழுதிப் பேசி விடை கண்டுபிடியுங்கள் என்று விட்டுவிடுவோம். நான் எம்.சி.ஏ. முடித்துவிட்டு இராஜாக்கமங்கலத்தில் வீட்டில் சும்மா இருந்தவள். வேலை கிடைத்தது என்றதும் என் வீட்டார் கேட்டது ஒன்றே ஒன்று. பஸ் வசதி உண்டா என்று. உண்டு என்றேன். அத்தோடு என் வேலையைப் பற்றிய அவர்கள் ஆர்வம் தீர்ந்தது.

நாலாவது ஆள்

ஒவ்வொரு குழுவிலும் மூன்று பிள்ளைகளுக்கு நடுவே நாலாவதாக ஒரு ஆள் உண்டு. பெயர் மித்ரா. அது ஒரு மென்பொருள். பாடம் நடத்தாது, விடை சொல்லாது. "சுபின் சொன்னதை மற்றவர்கள் ஏற்கிறீர்களா?", "இதை உங்கள் சொந்த வார்த்தையில் சொல்ல முடியுமா?", "ஏன் அப்படி நினைக்கிறீர்கள்?" என்று கிளறிவிட்டுக்கொண்டே இருக்கும். அது எப்போது என்ன சொல்ல வேண்டும் என்பதை எழுதி வைப்பதும், சொன்னதை மேற்பார்வை பார்ப்பதும் என் வேலை. இது சண்டை மூட்டிவிடுகிற அத்தையின் வேலை அல்லவா என்று நான் கேட்டதற்கு, எங்கள் ஒருங்கிணைப்பாளர் ராஜகுமார் சார் சிரிக்கவில்லை. கூட்டுக் கற்றலைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். நானும் குழுவில் ஒருத்தியைப் போலத் தலையாட்டினேன்.

தொடங்கிய மாதமே சுபினின் அப்பா கல்லூரிக்கு வந்துவிட்டார். மணவாளக்குறிச்சிக்காரர், மணல் ஆலையில் வேலை. ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போனவர் மகனுடைய போனை எடுத்துப் பார்த்திருக்கிறார். "சுபின், ஏன் அமைதியாகிவிட்டீர்கள்? உங்களுக்காகக் காத்திருக்கிறோம் - மித்ரா" என்று இருந்திருக்கிறது. யார் அந்தப் பெண், எந்த ஊர், அவளுடைய அப்பா யார் என்று முதல் மாடி வரைக்கும் கேட்கிற மாதிரி கேட்டார். நான் அவரை உட்கார வைத்து, கணினியைத் திறந்து, மித்ரா சொல்வதெல்லாம் நான் எழுதி வைத்த வரிகள்தான் என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு சொன்னார்: "பொம்பளப் பிள்ளையா இருந்திருந்தா நாலு சத்தம் போட்டுட்டு நிம்மதியாப் போயிருப்பேன் டீச்சர். இத நான் என்னன்னு சொல்லி ஏசுவேன்?"

ஏலத்தில் ஏது வரிசை

சுபினின் குழுவில் மற்ற இருவரும் குளச்சல் பிள்ளைகள். ஆன்றோ, பெனில்டா. அடுத்தடுத்த தெரு, ஒரே கோயில், சின்ன வயதிலிருந்தே கூட்டு. பெனில்டா வீட்டில் மீன் வியாபாரம். ஆன்றோவின் அப்பா படகில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு போய்ப் படுத்த படுக்கை. அதனால் ஆன்றோ படிப்புக்கு இடையிலே கடலுக்கும் போய்க்கொண்டிருந்தான். மூவரிலும் வாய் அவனுக்குத்தான் அதிகம்.

ஒருநாள் பாடம் 'வரிசை'. கணினி தகவல்களை வரிசையில் வைத்து, முதலில் வந்ததை முதலில் அனுப்புகிற முறை. வாழ்க்கையிலிருந்து உதாரணம் சொல்லுங்கள் என்பது கேள்வி. சுபின் ரேஷன் கடை என்றான். பெனில்டா, கோயிலில் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய நிற்கிற கூட்டம் என்றாள். ஆன்றோ, எங்கள் மீன் ஏலத்தில் வரிசையே கிடையாது, தொண்டை பெரிதாக உள்ளவனுக்குத்தான் மீன் என்று எழுதினான். மித்ரா விடவில்லை. "மிக நல்ல கருத்து. பெனில்டா, ஆன்றோ சொன்னதை ஏற்கிறீர்களா?" என்றது. ஏற்கிறேன், வரிசையில் நின்றால் மீன் நாறிவிடும் என்றாள் அவள். "அருமை! நீங்கள் ஒருமித்த கருத்துக்கு வந்துவிட்டீர்கள்" என்று மித்ரா பாராட்டியது. வரிசைப் பாடத்தில் வரிசை வேண்டாம் என்று முடிவெடுத்த குழுவுக்கு அன்று முழு மதிப்பெண். கடைசியாக ஆன்றோ எனக்கு ஒரு வரி எழுதினான்: "மிஸ், இந்த மித்ராவ ஒருநாளு விடியக்காலம் எங்க துறைக்கு அனுப்புங்க. ஏலம் முடியதுக்குள்ள வாயடச்சிரும், பாத்துக்கிடுங்க."

ஏன் அப்படி நினைக்கிறீர்கள்?

இன்னொரு குழுவில் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி இருந்தாள். ஒரு சாயங்காலம் பாடத்துக்கு நடுவே, "நான் இனி படிக்க மாட்டேன்" என்று எழுதினாள். மித்ராவுக்கு என்ன தெரியும்? எது சொன்னாலும் காரணம் கேட்கச் சொல்லிப் பழக்கியிருந்தேன். "ஏன் அப்படி நினைக்கிறீர்கள்? விளக்கினால் குழுவுக்கு உதவியாக இருக்கும்" என்றது. கத்தாரில் அப்பாவுக்கு வேலை போய்விட்டது, திரும்பி வருகிறார், எனக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று எழுதினாள். "நன்றாக விளக்கினீர்கள். மற்றவர்கள் இதை ஏற்கிறீர்களா?" என்றது மித்ரா. மற்ற இரண்டு பையன்களும் பயந்துபோய் ஏற்கிறோம் என்று எழுதிவிட்டார்கள். மதிப்பெண் போய்விடுமே!

உடனே அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டு, அது வெறும் இயந்திரம்தான், மனசில் வைத்துக்கொள்ளாதே மக்கா என்று சமாதானம் சொன்னேன். அவள் சொன்னாள்: "எங்க வீட்டுல ஏன்னு ஒருத்தரும் கேக்கல மிஸ். அது ஒண்ணுதான் கேட்டுது."

கடலும் மலையும்

மித்ராவின் விதிகளில் ராஜகுமார் சாருக்கு ரொம்பப் பிடித்தது ஒன்று. குழுவில் யாராவது கொஞ்ச நேரம் எழுதாமல் இருந்தால், பெயர் சொல்லிக் கூப்பிடும். "ஆன்றோ, நீங்கள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லையே? உங்களுக்காகக் காத்திருக்கிறோம்." அப்படியே இன்னும் இரண்டு தடவை கூப்பிடும். அதற்கும் பதில் இல்லையென்றால் அன்றைக்குப் பங்கேற்பு மதிப்பெண் இல்லை. மாதத்தில் பாதி வகுப்பு அப்படிப் போனால் பரீட்சையும் இல்லை. கூச்சப்படுகிற பிள்ளைகள் பேச ஆரம்பித்தது இந்த விதியால்தான், அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

கடலுக்குப் போகிறவனுக்கு இந்த விதி என்ன செய்யும் என்று நாங்கள் யோசிக்கவில்லை. ஆன்றோ போனது கரைக்குப் பக்கத்தில் காலையில் போய் மத்தியானம் திரும்புகிற வேலை இல்லை. விசைப்படகில் தங்கு கடல். போனால் வாரக்கணக்கில் அங்கேயேதான் சாப்பாடும் தூக்கமும். ஒருநாள் என்னைப் பார்க்க நேரில் வந்தான். வெயிலில் முகம் கறுத்து, மூக்கு நுனியில் தோல் உரிந்திருந்தது. கடலில் டவர் கிடையாது மிஸ், அதை மித்ராவுக்கு எப்படியாவது சொல்லிக் கொடுக்க முடியுமா என்று கேட்டான். முடியும். ஒரு வரி சேர்த்தால் போதும். சாரிடம் போய்க் கேட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஒருத்தனுக்குக் கடல்னு விட்டா நாளைக்கு இன்னொருத்தன் மலைன்னு வருவான்மா. விதி எல்லாருக்கும் ஒண்ணு."

கை ஒழியவில்லை

அதற்குப் பிறகு ஆச்சரியமாக ஆன்றோ எல்லா வகுப்புக்கும் வர ஆரம்பித்தான். வந்தது மட்டுமில்லை, பாடமும் நன்றாகப் பேசினான். முன்னால் வேடிக்கைதான் பேசுவான், இப்போது வேடிக்கையும் பாடமும் சேர்ந்து வந்தன. "ஆன்றோ, சிறப்பான விளக்கம்" என்று மித்ரா வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்லியது. சார் அந்த வரிகளை எடுத்து மேலிடத்துக்கு அனுப்பினார். கடலோரத்து மாணவன் ஒருவனை எங்கள் திட்டம் பேச வைத்துவிட்டதாம்.

ஆனால் வாயாடி பெனில்டா மெதுவாகிவிட்டாள். ஆன்றோ நீளமாக எழுதும்போதெல்லாம் அவள் பக்கம் சத்தம் இருக்காது. மித்ரா பெயர் சொல்லிக் கூப்பிடும். "இதோ வாறேன்" என்று ஒரு வரி வரும். அவள் எழுத ஆரம்பித்தால் அவன் அடங்கிவிடுவான். இரண்டு பேருக்கும் ஏதோ மனஸ்தாபம் என்றுதான் நினைத்தேன். வேறு விதமாகவும் நினைத்தேன், அந்த வயசு அப்படி. போன் போட்டபோது, "ஏட்டி, ஆன்றோகூட சண்டையா?" என்றேன். அவள் சிரித்தாள். "சண்டையெல்லாம் இல்ல மிஸ். அவன் பேசும்போ எனக்குக் கை ஒழியாது, அவ்வளவுதான்."

புதன்கிழமை

அந்தப் புதன்கிழமை சாயங்காலம் நன்றாக நினைவிருக்கிறது. கரையில் காற்றே இல்லை. கல்லூரி வளாகத்துத் தென்னை ஓலைகூட அசையவில்லை. புழுக்கத்தில் நான் கணினி ஆய்வகத்து ஜன்னலையெல்லாம் திறந்து வைத்துவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாடம் 'அடுக்கு'. கடைசியில் வைத்தது முதலில் வெளியே வரும் முறை. பாடத்துக்கு முன்னால் சுபின், "சாப்பிட்டியா மக்கா?" என்று ஆன்றோவைக் கேட்டான். "சாப்பிட்டாச்சு. சாள மீன் குழம்பு" என்று ஆன்றோவிடமிருந்து வந்தது. பாடத்துக்குத் திரும்பலாமா என்று மித்ரா அதட்டியது. சுபின் ஹோட்டலில் அடுக்கி வைத்திருக்கிற தட்டைச் சொன்னான். ஆன்றோ, படகின் அடித்தட்டில் ஐஸ் போட்டு அடுக்குகிற மீன் பெட்டிகளைச் சொன்னான். கடைசியாகப் பிடித்த மீன்தான் கரையில் முதலில் வெளியே வரும், அதைக் காட்டித்தான் அடியில் கிடக்கிற பழசையும் விற்பார்கள் என்று விளக்கினான். பெனில்டாவை மித்ரா இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது. வகுப்பு முடிகிற நேரம் சுபின் எழுதினான்: "மக்கா, நீ இப்பல்லாம் ஆளே மாறிட்ட."

சார் எடுத்த போன்

வெள்ளிக்கிழமை செய்தி வந்தது. ஆழ்கடலில் சுழற்காற்று. திரும்பி வந்த படகுகள், குளச்சலில் இருந்து போன ஒரு விசைப்படகைச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு வயர்லெஸ்ஸில் பிடிக்க முடியவில்லை என்றார்கள். ஆன்றோ போன படகு அதுதான்.

ஆனால் படகுக்காரர் கொடுத்த பெயர்களில் ஆன்றோ இல்லை. போக வேண்டியது அவனுடைய மாமா. அவருக்குக் கடைசி நேரத்தில் காய்ச்சல். அவருக்குப் பதிலாக இவன் ஏறிவிட்டான். ஆள் மாறி ஏறுவது அங்கே வழக்கம்தான், யாரும் போய்ப் பெயரை மாற்றிக்கொண்டிருப்பதில்லை. மாமா அழுதுகொண்டே போய் உண்மையைச் சொல்ல, காணாமல்போனவர்களின் பெயர் சேகரித்த அதிகாரி எதற்கும் கேட்டுப் பார்ப்போம் என்று சனிக்கிழமை சாயங்காலம் கல்லூரிக்குப் போன் செய்தார். போனை எடுத்தது ராஜகுமார் சார். அவர் பதிவைத் திறந்து பார்த்தார். செவ்வாய்க்கிழமை காணாமல்போன படகில் இருந்தவன் புதன்கிழமை சாயங்காலம் வகுப்பில் இருக்கிறான், சாப்பிட்டேன் என்கிறான், மீன் பெட்டியைப் பற்றி விளக்குகிறான். இருந்ததை அப்படியே அதிகாரியிடம் சொன்னார். அதற்குப் பிறகு எல்லாருக்கும் ஒரு வழி தெரிந்த மாதிரி ஆகிவிட்டது. படகு திங்கட்கிழமை டீசலும் ஐஸும் பிடிக்கக் கொச்சியில் நின்றிருக்கிறது. அங்கே இறங்கியிருப்பான், போன் கெட்டுப் போயிருக்கும், யாருடைய போனிலாவது எழுதியிருப்பான். தேடப்படுகிறவர்களின் பெயர்களில் அவனைச் சேர்க்கவில்லை. சார் என் அறைக்கு ஓடி வந்தார். அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. கண் கலங்கியிருந்தது. "நம்ம பையன் தப்பிச்சிட்டான்மா! நம்ம மித்ராவாலதான் தெரிஞ்சுது!"

ஒரு தடவை கூப்பிடச் சொல்லுங்க

திங்கட்கிழமை ஆன்றோவின் அம்மா கல்லூரிக்கு வந்தார். பெயர் புஷ்பம். பெனில்டாவைத் துணைக்குக் கூட்டி வந்திருந்தார். பெனில்டா என்னை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. புஷ்பம் தெளிவாகத்தான் இருந்தார். வெள்ளி, சனி இரண்டு நாளும் அடுப்புப் பற்ற வைக்கவில்லையாம். சார் சொன்ன செய்தி ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வந்ததும் எழுந்து குளித்து, கோயிலுக்குப் போய், வந்து சோறும் வைத்தாராம். மகன் புதன்கிழமை எழுதியதைப் பெனில்டாவிடம் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். "எங்கூட வழக்கு பிடிச்சிட்டுத்தான் டீச்சரே போனான். போவாதலேன்னேன், கேக்கல. அந்தக் கோவத்துல எங்கயோ இருக்கான். நான் கூப்பிட்டா வரமாட்டான். உங்க மித்ரா பேரு சொல்லிக் கூப்பிடுமாமே, ஒரு தடவை கூப்பிடச் சொல்லுங்க" என்றார்.

எனக்கு மறுக்கத் தோன்றவில்லை. எனக்கும் நம்பிக்கை இருந்ததே. கணினியில் அந்தக் குழுவின் பக்கத்தைத் திறந்து வைத்தேன். நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை, அமைதியாக இருந்தால் மித்ராவே கூப்பிடும், பெயர் வரிசையில் முதலில் ஆன்றோவை. மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். திரையில் வரி வந்தது. புஷ்பத்துக்கு வாசிக்கத் தெரியாது. என்னன்னு போட்டிருக்கு, வாசி மக்ளே என்றார். பெனில்டா வாசித்தாள். "ஆன்றோ, நீங்கள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லையே? உங்களுக்காகக்..." பாதியிலேயே நிறுத்திவிட்டாள். நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்து புஷ்பத்தின் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். "மாமி, அது நாந்தான். அவன் கடலுக்குப் போவும்போ எல்லாம் அவன் பேர்ல நாந்தான் எழுதுவேன். பரீட்சைக்கு விடமாட்டாவன்னு அவந்தான் பாஸ்வேர்டு தந்துட்டுப் போவான். புதன்கிழமையும் நாந்தான் மாமி. படகு காணாமப்போனது அப்ப எனக்குத் தெரியாது. நீங்க சோறு வச்சதப் பாத்த பொறவு எனக்குச் சொல்ல நாக்கு எழும்பல."

மித்ரா இரண்டாவது தடவை கூப்பிட்டது. நான் திரையை அணைத்தேன். புஷ்பம் அலறுவார், அவளை அடிப்பார் என்று பயந்து நான் எழுந்து நின்றேன். அவர் அடிக்கவில்லை. பெனில்டாவின் தலையில் கையை வைத்தார். அப்புறம் ரொம்ப மெதுவாகக் கேட்டார்: "அப்ப, சாப்பிட்டேன்னு சொன்னதும் நீதானா மக்ளே?"

எழுதுங்க சார்

அன்று மத்தியானமே பெனில்டா சாரின் அறையில் நின்றாள். சுபினும் மணவாளக்குறிச்சியிலிருந்து பஸ் பிடித்து வந்து அவள் பக்கத்தில் நின்றான். அவனுக்கும் இது முதலிலிருந்தே தெரியும், புதன்கிழமை ஆளே மாறிட்ட என்று எழுதியது கேலிக்குத்தான். அவனுடைய அப்பா வராந்தாவில் நின்றார், இந்தத் தடவை சத்தமே போடவில்லை. சார் முழுவதையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். மேலிடத்துக்கு அனுப்பிய அந்தச் சிறப்பான விளக்கமெல்லாம் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். கல்லூரி தவறாகச் சொல்லிவிட்டது, ஆன்றோ புதன்கிழமை வகுப்பில் இல்லை என்று அதிகாரிக்கு எழுத்தில் கொடுத்தால்தான் அவன் பெயரைச் சேர்ப்பார்கள். அப்படிக் கொடுத்தால் வகுப்பில் இருந்தது யார் என்பதையும் எழுத வேண்டும்.

அவர் கெட்டவர் இல்லை. குரலைத் தாழ்த்தி, ஆள்மாறாட்டம் என்று ஆகிவிடும், இந்த வருஷப் பரீட்சை போய்விடும், உன் வீட்டில் அடுத்த வருஷம் படிக்க விடுவார்களா, யோசித்துச் சொல் என்றார். பெனில்டாவின் அம்மாவுக்கு அவளைப் படிக்க வைப்பதில் இஷ்டமே இல்லை என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவள் யோசிக்கவில்லை. "அவன் கடல்ல இருக்கான்னு எழுதுங்க சார். மத்ததப் பொறவு பாப்போம்."

அவன் எழுதியது

எழுதினார்கள். ஆன்றோவின் பெயரைச் சேர்த்தார்கள். தேடினார்கள். படகும் கிடைக்கவில்லை, ஆட்களும் வரவில்லை. காணாமல்போனவர்களுக்காகக் கோயிலில் பூசை வைத்தபோது வாசித்த பெயர்களில் அவன் பெயரும் இருந்தது. நானும் போயிருந்தேன். பெயரை வாசித்ததும் பதில் வந்துவிடும் என்பது போலப் புஷ்பம் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

பெனில்டா ஒரு வருஷம் இழந்தாள். எப்படியோ வீட்டில் சண்டை போட்டு மறு வருஷம் திரும்பி வந்தாள். வேறு குழுவில் போட்டோம். முதல் நாளே யாரோ ஒரு பையன் பேசாமல் இருக்க, மித்ரா அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. பெனில்டா அந்த நிமிஷமே வகுப்பை மூடிவிட்டுப் போய்விட்டாள். நான் யாரையும் கேட்காமல் அந்த விதியை எடுத்துவிட்டேன். மாதக் கடைசியில் பங்கேற்பு குறைந்துவிட்டதே என்று சார் கேட்டார். சொன்னேன். அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மேலிடத்துக்கு, மாவட்டத்தில் நெட் சரியில்லை என்று எழுதினார்.

அதே வருஷம் ஒருநாள் புஷ்பம் மறுபடி பெனில்டாவோடு வந்தார். பழையதெல்லாம் கணினியில் இருக்கிறதா, அதில் அவன் தன் கையால் எழுதியதை மட்டும் வாசித்துக் காட்டுவீர்களா என்று கேட்டார். எது அவன், எது பெனில்டா என்று எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். இது நான், இது நான், இதும் நான் மாமி என்று தள்ளிக்கொண்டே போனாள். சிறப்பான விளக்கம் எல்லாம் அவளுடையது. கடைசியில் ஏலத்துப் பாடத்தில் நின்றாள். மித்ராவை ஒருநாள் துறைக்கு அனுப்புங்கள், வாயடைத்துவிடும் என்று அவன் எழுதியதை அவனைப் போலவே இழுத்து வாசித்தாள். புஷ்பத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இது என் பிள்ளதான் டீச்சரே. இந்த வாய் வேற யாருக்கு வரும்? இன்னொருக்க வாசிக்கச் சொல்லுங்க."

இப்போது நான் ஒரு பள்ளிக்கூடத்தில் கணினி டீச்சர், வகுப்பில் பேசாமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை என்பதற்காக வருஷா வருஷம் தவறாமல் மெமோ வாங்கிக்கொண்டிருக்கிறேன்.